வடிகட்டியில் சிக்காத மடல்

கேள்வி: நான் அனுப்பும் செய்திமடல் எல்லாம் ஸ்பேம் பெட்டியில் போய் விழுகிறதே! வடிகட்டியை ஏமாற்ற ஒரு வழி சொல்லுங்களேன்?

பதில்: ஏமாற்ற வருபவரைப் பிடிக்கத்தானே வடிகட்டியே வைத்திருக்கிறார்கள்! அனுப்புவது நீங்கள்தான் என்று எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்ற மூன்று மின்னஞ்சல் சரிபார்ப்பு முறைகளையும் அமைத்து நிரூபியுங்கள். மடல் முழுவதையும் ஒரே படமாக அனுப்பாமல், எழுத்தாகவே எழுதுங்கள்.

கூகுள் 2024-இல் கொண்டுவந்த விதிப்படி, ஜிமெயில் முகவரிகளுக்கு நாளொன்றுக்கு 5,000 மடல்களுக்கு மேல் அனுப்புவோர் மீதான ஸ்பேம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது. ஆயிரம் மடலுக்கு மூன்று பேர் முகம் சுளித்தாலே ஆபத்து! விளம்பர மடல் என்றால் ஒரே சொடுக்கில் விலகும் வசதியும் கட்டாயம். அந்த வசதியைப் பொடி எழுத்தில் ஒளிக்காதீர்கள். விலக வழி தெரியாதவர்தான் புகார் பட்டனை அழுத்துகிறார். வேண்டாம் என்பவரை மரியாதையாக அனுப்பி வைத்தால், வேண்டும் என்பவருக்கு மடல் போய்ச் சேரும்.