மூணு மணி மழை

நவம்பர் மாதத்தில் எங்கள் ஊரான சிலிம் ரிவரில் காலையில் வெயில் கொளுத்தும். மத்தியானம் மலைப்பக்கம் கறுக்கும். பாலர் பள்ளி விட்டு வந்த இரண்டு பிள்ளைகளும் சோறு தின்று தெம்பாக எழும் நேரம் பார்த்து, மூணு மணிக்கு மழை இறங்கும். மனைவிக்கு அன்றைக்கென்று மாலை ஷிஃப்ட்.

முதல் துளி விழுந்ததுமே கூரைமேல் இருக்கும் டிவி தட்டு வேலைநிறுத்தம் செய்துவிடும். வானத்திலிருந்து வரும் அலையைக் கனமழை விழுங்கிவிடுகிறது என்பது அறிவியல். அப்பா ஏதோ அமுக்கிக் கெடுத்துவிட்டார் என்பது நாலு வயசு மகனின் தீர்ப்பு. மேல்முறையீடு கிடையாது.

இடி இடித்தால் என் அம்மாவின் அவசரகாலச் சட்டம் அமலுக்கு வரும். பிளக்குகள் எல்லாம் பிடுங்கப்படும், வைஃபை பெட்டி உட்பட. நிலைக்கண்ணாடிக்குச் சேலை போர்த்தப்படும். கையில் கரண்டி கூடாது. ஒவ்வொரு இடிக்கும் “அர்ஜுனா, அர்ஜுனா” சொல்ல வேண்டும்.

“அர்ஜுனன் யாரு பாட்டி, கரண்டுக்காரரா?” என்றாள் ஆறு வயசு மகள்.

நான் தலையணைக் கோட்டை கட்டலாம் என்றேன். சோபா மெத்தை, பாய், இரண்டு நாற்காலி, மேலே போர்வை. தற்காப்பு விஷயத்தில் எங்கள் ஊருக்கு ராசி கிடையாது. 1942 ஜனவரி 7 அன்று விடியுமுன் டுரோலாக் பக்கம் புகுந்த ஜப்பானிய டாங்கிகள், சில மணி நேரத்தில் சிலிம் ஆற்றுப் பாலத்தையே பிடித்துவிட்டன. என் கோட்டை அவ்வளவு நேரம்கூடத் தாங்கவில்லை. மகன் மைலோ குவளையோடு உள்ளே புகுந்தான். போர்வை, பாய், மெத்தை மூன்றும் ஒரே நேரத்தில் சரணடைந்தன.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த அம்மா எழுந்துபோய்ப் பழைய பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்தார். உள்ளே கித்தாக் கொட்டைகள், அதாவது ரப்பர் விதைகள். தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவர். சுற்றிலும் செம்பனை வந்த பிறகும் எங்கிருந்தோ பொறுக்கிச் சேர்த்துவைத்திருக்கிறார். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டை வைத்து ஓங்கிக் குத்த வேண்டும். எது உடைகிறதோ அது தோற்றது. மகளின் கொட்டை ஒன்று தொடர்ந்து ஜெயித்தது. அதற்குப் பெயர் வைத்து, தூங்குவதற்குக் கைக்குட்டை விரித்தாள். ஆசிரியர்களும் கல்வி நிபுணர்களும் பரிந்துரைக்கும் எந்த விளையாட்டுப் பொருளுக்கும் என் வீட்டில் இந்த மரியாதை கிடைத்ததில்லை.

அடுத்தது சூடு வைப்பது. கொட்டையைத் தரையில் பரபரவென்று தேய்த்துப் பக்கத்தில் இருப்பவர் தொடையில் ஒற்றுவது. கூடத்து டைல்ஸில் சூடு ஏறவில்லை. உடனே ஆராய்ச்சிக் குழு பின்பக்க அடுக்களையின் சிமெண்டுத் தரைக்கு இடம் மாறியது. பக்கத்தில் இருப்பவர் யார் என்பதில் மட்டும் குழுவில் கருத்து வேறுபாடே இல்லை. என் அலறலில் அடுத்த இடி காதில் விழவில்லை. அர்ஜுனனுக்கு ஓர் அழைப்பு குறைந்தது.

அம்மாவுக்குச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர் சின்னப் பிள்ளையாக இருந்தபோது காலை மழை என்றால் கொண்டாட்டமாம். பட்டை நனைந்திருந்தால் மரம் சீவ முடியாது. கத்தி போட்ட கோட்டில் பால் ஓடாமல் மரமெல்லாம் வழியும்; பால் பிடிக்கும் மங்கில் மழைத்தண்ணிதான் மிஞ்சும். அதனால் ஆயாக்கொட்டகைக்குப் பிள்ளைகளை விடிகாலையில் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். அப்பா அம்மா இரண்டு பேரும் வீட்டில். கித்தாக் கொட்டை, அஞ்சாங்கல், வறுத்த கச்சான், சூடாகக் கடுங்காப்பி.

எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது. மழை நாளில் பெரியவர்களும் சேர்ந்து விளையாடிய அந்தக் காலத்து ரகசியத்தைக் கேட்டுவைத்துக்கொள்ளலாமே என்று, “உங்கம்மா என்னம்மா விளையாடுவாங்க?” என்றேன்.

“விளையாடுறதா? மழ பேஞ்சா அன்னிக்குக் கூலி கெடயாதுடா. வாசல்ல குந்திக்கிட்டு வானத்தத் திட்டும். எங்கப்பா எங்கம்மாவத் திட்டும்.”