அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு ஆம்ப்ளிஃபயர்

முதலில் வீட்டில் அறிவிக்க வேண்டும். அறிவிப்பில் "சின்னதா" என்ற சொல் கட்டாயம் வர வேண்டும். "கிச்சன்ல பாட்டு கேக்க சின்னதா ஒண்ணு பண்ணலாம்னு இருக்கேன்" என்றால் போதும். கடையில் ப்ளூடூத் ஸ்பீக்கர் ரெடிமேடாகவே கிடைக்கிறதே என்று யாராவது கேட்பார்கள். "அதுல பேஸ் இருக்காது" என்று சொல்லிவிட்டு அந்த இடத்தைவிட்டு நகர்ந்துவிடுங்கள். நின்றால் அடுத்த கேள்வி செலவைப் பற்றியதாக இருக்கும்.

அடுத்தது, எத்தனை வாட்ஸ்? டூ-இன்-ஒன் அட்டைப் பெட்டியில் பி.எம்.பி.ஓ. என்று ஆயிரக்கணக்கில் வாட்ஸ் அச்சடித்திருந்ததைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அந்த எண்ணை எப்படிக் கணக்கிட வேண்டும் என்று பொதுவான விதி எதுவும் கிடையாது. அச்சடித்தவரின் தாராள மனசைப் பொறுத்தது. உண்மைக் கணக்கு மனசை ஒடிக்கும். வாட்ஸை இரண்டு மடங்காக்கினால் கூடுவது 3 டெசிபல், அதாவது "கொஞ்சம் கூடியிருக்கோ?" என்று சந்தேகப்படும் அளவு. காதுக்கு இரண்டு மடங்காகக் கேட்க 10 டெசிபல் கூட வேண்டும். அதற்கு வாட்ஸ் பத்து மடங்காக வேண்டும். சுமாரான ஒரு ஸ்பீக்கரே ஒரு வாட்டில், ஒரு மீட்டர் தூரத்தில் 86 டெசிபல் வரை கொடுத்துவிடும். ஸ்பீக்கரைவிட்டு ஒரு மீட்டர் தள்ளி நிற்க இடமிருந்தால் உங்களுடையது பெரிய சமையலறை. ஆக, ஒரு வாட் போதும். இதை யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்; முக்கியமாக உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொள்ளாதீர்கள்.

சொல்லிக்கொண்டாலும் "மிக்ஸி ஓடும்போது என்ன செய்வது?" என்று மனம் வாதாடும். நியாயமான வாதம். தேங்காய்ச் சட்னி அரைபடும்போது பக்கத்தில் நின்றால் 85 டெசிபலைத் தாண்டுவது சர்வசாதாரணம். அதற்கு மேலே பாட்டு தெளிவாகக் கேட்க வேண்டும் என்றால் இன்னும் 10 டெசிபல், ஆகவே 10 வாட்ஸ். கூடவே எக்ஸாஸ்ட் ஃபேன், குக்கர் விசில் எல்லாவற்றையும் கணக்கில் சேர்த்தால் 50 வாட்ஸ்வரை போய்விடலாம். மிக்ஸி விஷயத்துக்குப் பிறகு வருகிறேன்.

சென்னைவாசி என்றால் சாமான் வாங்க ரிச்சி ஸ்ட்ரீட். மற்ற ஊர்க்காரர்கள், பழைய ரேடியோ மெக்கானிக் யாராவது இன்னும் கடை வைத்திருக்கிறாரா என்று விசாரியுங்கள். சாமானோடு அறிவுரையும் கிடைக்கும். பட்டியலைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். நசுங்கி நிற்கும் கூட்டத்தில் போனைத் திறந்து படித்துக்கொண்டிருந்தால் கடைப் பையன் அடுத்த ஆளுக்குப் போய்விடுவான். "ஒரிஜினல் வேணுமா, சாதா போதுமா?" என்று கேட்பான். ஒரிஜினல் என்று சொல்லுங்கள். இரண்டும் ஒரே டிராயரிலிருந்து வருவதைப் பார்க்காதது போல இருப்பது மரியாதை.

ஐ.சி. விஷயத்தில் மூன்று வழிகள். ஒன்று, பி.ஏ.எம்.8403. தபால்தலையைவிடக் கொஞ்சம் பெரிய போர்டு, போன் சார்ஜரின் 5 வோல்ட்டிலேயே ஓடும், பக்கத்துக்கு 3 வாட்ஸ் என்று சொல்வார்கள், இரைச்சல் இல்லாமல் அதில் பாதி கிடைக்கும், சூடே ஆகாது. சமையலறைக்கு இதைவிடப் பொருத்தமானது வேறில்லை. சாயங்காலத்துக்குள் வேலை முடிந்துவிடும் என்பதால் இதை நிராகரிக்கிறோம். இரண்டாவது, நாடறிந்த 4440. கார் ஸ்டீரியோவுக்காக ஜப்பானின் சான்யோ செய்த ஐ.சி.; நம் ஊரில் கல்யாண வீடு முதல் ஷேர் ஆட்டோ வரை அது உழைக்காத இடமில்லை. இன்று அந்தப் பெயரில் கிடைப்பதில் பெரும்பகுதி நகல். மூன்றாவது, டி.டி.ஏ.2030. ஐந்தே கால்கள், சட்டென்று உயிர்விடாத குணம், விலை ஓட்டல் காபி அளவு. இதையே எடுத்துக்கொள்வோம். 12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர், நான்கு டயோடு, 4700 மைக்ரோஃபாரட் கண்டென்சர் ஒன்று போட்டால் 15 வோல்ட் சொச்சம் டி.சி. வரும், 4 ஓம் ஸ்பீக்கருக்கு நாலைந்து வாட்ஸ் கிடைக்கும். வீட்டில் கேட்டால் 18 என்று சொல்லிக்கொள்ளலாம். கேட்க மாட்டார்கள்.

ஸ்டீரியோ வேண்டுமா என்று ஒரு கேள்வி வரும். அடுப்புக்கும் சிங்குக்கும் ஃப்ரிட்ஜுக்கும் நடுவே ஓயாமல் நடந்துகொண்டிருப்பவருக்கு இடது என்ன, வலது என்ன? மோனோ போதும். ஆனால் இரண்டு சேனல் ஒயரையும் முறுக்கி ஒன்றாகக் கட்டிவிடாதீர்கள். ஆளுக்கொரு 1கே ரெசிஸ்டர் வழியாகச் சேருங்கள். வால்யூம் கண்ட்ரோல் 47கே, லாக் வகை. "லாக்" என்று அழுத்திச் சொல்லி வாங்குங்கள். லீனியர் வாங்கி வந்தால் குமிழைக் கால்வாசி திருப்புவதற்குள் மொத்தச் சத்தமும் வந்து நின்றுவிடும். மீதி முக்கால் சுற்று அலங்காரம்.

இனி பெட்டி. இந்தக் கலையின் உச்சம் இதுதான். கண் தானாகவே சமையலறை அலமாரிக்குப் போகும்; அங்கே பளபளவென்று ஒரு எவர்சில்வர் சம்புடம் இருக்கும். அதன் அடியில் பெயர் வெட்டியிருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள். வெட்டியிருந்தால் அது சீர்ப் பாத்திரம். இருந்த இடத்தில் வைத்துவிடுங்கள். பெயர் இல்லை என்றாலும் வேண்டாம், காரணம் மூன்று. எவர்சில்வரில் ஓட்டை போடுவது சுலபமில்லை: வேகமாக டிரில் ஓட்டினால் அந்த இடம் இன்னும் இறுகி, பிட் கிறீச்சிட்டு வழுக்கும்; மெதுவாக, சொட்டு எண்ணெய் விட்டுத்தான் போட வேண்டும். இரண்டாவது, எவர்சில்வர் சூட்டைக் கடத்துவதில் படு சோம்பேறி. அலுமினியம் அதைவிடப் பத்து மடங்குக்கு மேல் கடத்தும். மூன்றாவது, ப்ளூடூத் போர்டை உள்ளே வைத்து மூடியைப் போட்ட கணத்தில் பாட்டு நின்றுவிடும். மூடியைத் திறந்தால் பாடும். நாலாபக்கமும் உலோகம் சூழ்ந்தால் ரேடியோ அலை உள்ளே போகாது.

வழக்கொழிந்த அலுமினிய டிபன் பாக்ஸ் பரணில் இருக்கும். அதுவே பெட்டி, அதுவே ஹீட் சிங்க். டி.டி.ஏ.2030-இன் முதுகுத் தகடு உள்ளுக்குள் மூன்றாம் காலோடு, அதாவது நம் சர்க்யூட்டில் கிரவுண்டோடு, சேர்ந்தது. ஆகவே மைக்கா தாள் இல்லாமல் நேராகவே பெட்டியில் முடுக்கலாம். நடுவில் ஹீட் சிங்க் பேஸ்ட் மெல்லிசாகத் தடவுங்கள், தோசைக்கு நெய் மாதிரி தாராளம் கூடாது. ப்ளூடூத் போர்டு மட்டும் வெளியே, சின்ன பிளாஸ்டிக் மூடிக்குள் இருக்கட்டும். அதற்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் ஒரே சப்ளை கொடுத்தால் பாட்டுக்கு அடியில் "கிர்ர்... கிச்கிச்" என்று பூச்சி கத்தும், பி0505 என்று ஒரு குட்டி ஐசொலேட்டர் கிடைக்கிறது, அதன் வழியாக 5 வோல்ட் கொடுத்தால் பூச்சி போய்விடும்.

இந்தப் பத்தியில் மட்டும் கிண்டல் கிடையாது. உலோகப் பெட்டி, 230 வோல்ட், ஈரக் கை மூன்றும் சேரும் இடம் இது. மூன்று பின் ப்ளக் போடுங்கள், பச்சை ஒயரைப் பெட்டியின் உடம்பிலேயே முடுக்குங்கள், டிரான்ஸ்ஃபார்மருக்கு முன்னால் அரை ஆம்பியர் ஃபியூஸ் வையுங்கள். குழாய்க்கும் அடுப்புக்கும் எட்டாத உயரத்தில் நிறுத்துங்கள். "என்னங்க, இது ஷாக் அடிக்காதுல்ல?" என்ற கேள்விக்குத் தயங்காமல் பதில் சொல்ல முடிய வேண்டும். முடியவில்லை என்றால் எலக்ட்ரீஷியனிடம் காட்டாமல் ப்ளக்கில் சொருகாதீர்கள்.

எல்லாம் சால்டர் வைத்து முடித்த பிறகு, பாட்டுக்கு முன்னால் ஒரு சடங்கு உண்டு. ஸ்பீக்கரை மாட்டி, சுவிட்சைப் போட்டு, இன்புட் ஒயரின் நுனியை விரலால் தொட வேண்டும். "ம்ம்ம்ம்" என்று அடிவயிற்றிலிருந்து ஒரு உறுமல் வரும். சுவருக்குள் ஓடும் 50 ஹெர்ட்ஸ் கரண்டை உங்கள் உடம்பே ஆன்டெனாவாக நின்று பிடித்துக் கொடுக்கிறது. ஆம்ப்ளிஃபயர் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். விரலை எடுத்த பிறகும் உறுமல் நிற்கவில்லையா? வால்யூமைக் குறையுங்கள். கூடவே குறைந்தால் கோளாறு இன்புட் ஒயரில்; ஷீல்டு ஒயராக மாற்றுங்கள். குறையாமல் அப்படியே நின்றால் பவர் சப்ளையில். கண்டென்சரையும் கிரவுண்ட் இணைப்பையும் பாருங்கள். கண்டென்சரின் கால்களை மாற்றிப் போட்டிருந்தால் பார்க்க வேண்டிய அவசியம் இருக்காது. சத்தமே சொல்லிவிடும்.

அறிவிப்பு நாளன்று வாக்குக் கொடுத்த பேஸ்? நாலங்குல ஸ்பீக்கரை வெறுமனே தொங்கவிட்டால் இளையராஜாவின் பேஸ் கிட்டார் ஊரிலேயே இல்லாதது மாதிரி இருக்கும். மண்பானை வாயில் ஸ்பீக்கரைக் கவிழ்த்துவைப்பது நம் பையன்கள் எப்போதோ கண்டுபிடித்த வைத்தியம். சத்தம் பெருகும் என்பது நிஜம். ஆனால் பானைக்குச் சொந்தமாக ஒரு சுதி உண்டு. அந்தச் சுதி வரும்போதெல்லாம் அது மட்டும் எழுந்து நிற்கும், மற்றதெல்லாம் உட்கார்ந்திருக்கும். உள்ளே பழைய துணியைத் திணித்தால் கொஞ்சம் அடங்கும்.

நிறுவும் நாளன்றுதான், மேடைக்கு மேலே இருப்பது ஒரே ப்ளக் பாயிண்ட் என்பது தெரியவரும். அது மிக்ஸியுடையது. சட்னி அரைக்க வேண்டுமென்றால் ஆம்ப்ளிஃபயரின் ப்ளக் உருவப்படும். அரைத்து முடித்ததும் திரும்பச் சொருகப்படும், ஞாபகம் இருந்தால். ஆக, மிக்ஸி சத்தத்தை மீறிப் பாட்டு கேட்பது எப்படி என்ற பிரச்சினை எழவே எழாது. அந்த 50 வாட்ஸ் கணக்கை அடித்துவிடலாம்.

ஒவ்வொரு முறை சொருகும்போதும் ஸ்பீக்கரில் "தொப்" என்று ஒரு குத்து விழும். ஸ்பீக்கருக்கு முன்னால் இருக்கும் 2200 மைக்ரோஃபாரட் கண்டென்சர் சார்ஜ் ஏறும் சத்தம் அது, பயப்பட ஒன்றுமில்லை. பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு உங்கள் வீட்டில் சட்னி தயார் என்று தெரியும், அவ்வளவுதான். தொந்தரவாக இருந்தால், நாலைந்து விநாடி கழித்து ஸ்பீக்கரைச் சேர்க்கும் ரிலே போர்டு ஒன்று கடையில் கிடைக்கிறது. டிபன் பாக்ஸில் அதற்கு இடம் இருக்காது. பரணில் அலுமினிய இட்லிப் பானை இருக்கிறதா என்று பாருங்கள்.