பாம்புக்கு வசதியான வீடு அமைப்பது எப்படி?

சீமையில் பாம்பு வளர்ப்பவர்கள் கண்ணாடித் தொட்டி, சூடேற்றும் விளக்கு, உறையவைத்த எலி என்று காசைக் கரைக்கிறார்கள். சேலம், நாமக்கல் பக்கத்தில் அந்தத் தண்டச் செலவு தேவையில்லை. ஒரு கோழிப்பண்ணையும் கொஞ்சம் சோம்பலும் இருந்தால் போதும்.

1. சாப்பாடு

பாம்பு மக்காச்சோளம் தின்னாது. மக்காச்சோளம் தின்னும் எலியைத் தின்னும். ஆகவே தீவன மூட்டையின் வாயைக் கட்டாதீர்கள், சிந்தியதைக் கூட்டாதீர்கள். எலி சினைப்பட்டால் மூன்று வாரத்தில் குட்டி போடும். போட்ட கையோடு மறுபடியும் சினைப்படும். பந்தி ஓயாது. நல்ல பாம்புக்கு முட்டையும் இறங்கும், அதற்கு நாமக்கல்லில் பஞ்சமா? பால் மட்டும் வேண்டாம். அது பாம்பின் உணவே அல்ல. ஆடி வெள்ளியில் புற்றுக்கு ஊற்றுவதெல்லாம் எறும்புக்குத்தான்.

2. படுக்கையறை

பாம்புக்கு விசாலமான அறை பிடிக்காது. உடம்பு நாலாபுறமும் உரசுகிற இடுக்குதான் அதற்குப் பஞ்சணை. வீடு கட்டி மீந்த ஹாலோபிளாக் கல், தென்னைமட்டை, விறகு, பழைய முட்டை அட்டை எல்லாவற்றையும் "அப்புறம் எடுத்துக்கலாம்" என்று சொல்லிச் சுவரோரம் அடுக்குங்கள். அந்த 'அப்புறம்' மூன்று வருடமாவது நீடிக்க வேண்டும்.

எங்கள் ஷெட்டில் அப்படி ஒரு அட்டை அடுக்கை நகர்த்தியபோது ஆறடி நீளச் சட்டை ஒன்று கிடந்தது. தலைப்பக்கம் தூக்கிப் பார்த்தேன். கண் இருந்த இடத்தில் கடுகளவில் இரண்டு கண்ணாடி வில்லைகள். பாம்புக்கு இமை கிடையாது. கண்ணை மூடியிருக்கும் அந்தத் தகடும் சட்டையோடு கழன்று வந்துவிடும். வேலைக்கு இருந்த பெரியவர் எட்டிப் பார்த்து, "ஏனுங், சட்டை இங்கதான் கெடக்குது. ஆளு வெளிய போயிருக்குதுங்க" என்றார்.

3. குளிர்வசதி

சித்திரை வெயிலில் பாம்புக்கும் புழுங்கும். தண்ணீர்த் தொட்டி கசிந்துகொண்டே இருக்கட்டும். ஈரத்துக்குத் தவளை வரும். தவளைக்குப் பின்னாலேயே விருந்தாளியும் வரும்.

4. வாசல்

கதவுக்கடியில் இரண்டு விரல் சந்து விடுங்கள். சாக்கடைக் குழாய்க்கு வலை அடிக்காதீர்கள். முற்றத்தில் சிறியாநங்கை நட்டுவிட்டு, இனிப் பாம்பு அண்டாது என்று நிம்மதியாக இருங்கள். அதன் நிழலும் பாம்புக்கு ஆகும்.

5. விளக்கு

இருட்டில் டார்ச் எடுக்காமல் நடங்கள். தரையில் பாய் விரித்துப் படுங்கள். கட்டுவிரியன் இரவில்தான் உலாவும். கடித்தால் பெரும்பாலும் வலியோ வீக்கமோ தெரியாது என்பதால் தூக்கம்கூடக் கலையாது. கட்டிலும் கொசுவலையும் இருந்தால் இந்த வசதி கெட்டுவிடும்.

6. சட்டம்

சாரையையோ நல்ல பாம்பையோ பெட்டியில் அடைத்து வளர்த்தால் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். மட்டைக் குவியலில் வளர்த்தால் கேட்பாரில்லை. மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில், 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அனுமதி பெற்றே பாம்புகளை மண்பானையில் இட்டு, வாயைத் துணியால் கட்டி வைக்கிறது. அங்கே சில வாரம்தான் தங்கல். விஷம் எடுத்ததும் காட்டில் விட்டுவிடுவார்கள். உங்கள் வீட்டிலோ ஆயுள் சந்தா.

7. காலி செய்ய வைப்பது

தடியெடுத்து அடித்தால் போகிறது ஒரு பாம்புதான். வீடும் சாப்பாடும் அப்படியே இருப்பதால் அடுத்தது குடிவரும். அடித்தது சாரை என்றால் எலிக்குக் கொண்டாட்டம். உள்ளே பாம்பைக் கண்டால் விலகி நின்று தீயணைப்புத் துறைக்குச் சொல்லுங்கள். கடித்துவிட்டால் மட்டும் விளையாட்டு வேண்டாம்: கயிறு கட்டாமல், கீறாமல், கடிபட்டவரை நடக்கவிடாமல், 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குப் போங்கள். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுக்கும் ஒரே முறிமருந்துதான்; அந்த இருளர்கள் எடுத்துத் தரும் விஷம் அதற்கும் போகிறது.

மற்றபடி, மேலே சொன்னவற்றில் முதல் ஐந்தையும் தலைகீழாகச் செய்தால் வீடு தானாகக் காலியாகும். நானும் அன்றைக்கே அந்தச் சட்டையைத் தூக்கி எறிந்துவிட்டேன். அட்டை அடுக்கை அப்புறம் எடுத்துக்கலாம் என்று வைத்திருக்கிறேன்.