தவளைக் கண்ணழகி

கேள்வி: ‘தவளைக் கண்’ என்று பட்டப்பெயர் வாங்கிய ஆஸ்டின்-ஹீலி ஸ்பிரைட் காரில் அப்படி என்னதான் இருக்கிறது?

பதில்: என்ன இல்லை என்று கேளுங்கள், பட்டியல் நீளும்! கதவுக்கு வெளியே கைப்பிடி கிடையாது. கையை உள்ளே விட்டுத்தான் திறக்க வேண்டும். டிக்கிக்கு மூடி கிடையாது. சீட்டுக்குப் பின்னால் குனிந்து பெட்டியைத் திணிக்க வேண்டும். கையைக் கடிக்காத விலையில் ஸ்போர்ட்ஸ் கார் தர, 1958-ல் டொனால்ட் ஹீலி பிடித்த சிக்கனம் இது. அந்தக் கண்கள் வந்த கதையும் அதுதான். வேண்டாதபோது விளக்குகள் பானெட்டில் மடங்கிப் படுக்கும்படிதான் முதலில் திட்டம். செலவு இடித்தது, நிமிர்ந்தபடியே நிறுத்திவிட்டார்கள். பஞ்சத்தில் பிறந்த பேரழகு!

பானெட், மட்கார்டு, விளக்கு எல்லாம் ஒரே துண்டாக மேலே எழும்பும். எஞ்சின் முழுதாகக் கண்முன் நிற்கும். 948 சிசி, 43 குதிரைத்திறன்தான். ஆனால் எடை 700 கிலோகூட இல்லை. தரையோடு தரையாக உட்கார்ந்து ஓட்டுகையில் நிதான வேகமே பறப்பதுபோல் இருக்கும்.

1961-ல் விளக்குகளை ஓரம் தள்ளி, டிக்கிக்கு மூடி வைத்தார்கள். கூடவே எம்ஜி மிட்ஜெட் என்ற இரட்டைப் பிறவியும் வந்து, 1979 வரை தாக்குப்பிடித்தது. வசதி கூடியது வாஸ்தவம். என் ஓட்டு அந்த முதல் முகத்துக்கே!