பார்மசிஸ்ட் எங்கே?

கேள்வி: திருவண்ணாமலை பக்கம் மெடிக்கல் ஷாப் நிறைய இருக்கிறது. பதிவு பெற்ற பார்மசிஸ்ட்டை எப்படிக் கண்டுபிடிப்பது?
- ஒரு வாசகர், செங்கம்

பதில்: கிரிவலப் பாதையில் 14 கிலோமீட்டர் நடந்தால் எட்டு லிங்கங்களும் தரிசனம் தந்துவிடும். பார்மசிஸ்ட் அப்படியில்லை. சில கடைகளில் அவர் சான்றிதழாகச் சுவரில் மட்டுமே எழுந்தருளியிருப்பார். மாத்திரையைக் கத்தரித்துத் தருவது நேற்று வேலைக்குச் சேர்ந்த தம்பி.

டாக்டர் சீட்டுக்கு மருந்துக் கடையில் பதிவு பெற்ற பார்மசிஸ்ட்தான் மருந்து தர வேண்டும் என்பது 1948-ஆம் ஆண்டு பார்மசி சட்டத்தின் 42-ஆவது பிரிவு. வெள்ளைக் கோட்டும், பெயரும் பதிவு எண்ணும் உள்ள பேட்ஜும் அணிய வேண்டும் என்கின்றன 2015 விதிமுறைகள். (கோட்டு பெரும்பாலும் நாற்காலி முதுகில்தான் டியூட்டி பார்க்கிறது!) 2025 பிப்ரவரியில் அரசு திறந்த 1000 முதல்வர் மருந்தகங்களுக்கும் பி.பார்ம்., டி.பார்ம். படித்தவர்கள் தேவை. ஆகவே அங்கேயும் தயங்காமல் விசாரிக்கலாம்.

சீட்டை நீட்டும்போதே, "பார்மசிஸ்ட் இருக்காருங்களா?" என்று கேளுங்கள். "டீ குடிக்கப் போயிருக்கார்" என்றால் காத்திருங்கள். அடுத்த வாரமும் அவர் அதே டீயைக் குடித்துக்கொண்டிருந்தால், மருந்து ஆய்வாளருக்கு ஒரு புகார் எழுதிப் போடுங்கள்.