குழாய் நிற்கும் இடத்தில் காந்தம்

கேள்வி: அடிக்கடி வயிற்றுவலி, வயிற்றுப்போக்கு. குடல் அழற்சி நோயாக இருக்கலாம் என்கிறார்கள். கொலனோஸ்கோப்பி என்றாலே உடம்பு கூசுகிறது. பேசாமல் ஒரு எம்.ஆர்.ஐ. எடுத்துவிட்டால் என்ன?

பதில்: எடுக்கலாம். பணம் போகும், குழாய் போகாது, சந்தேகமும் போகாது. குடல் அழற்சி என்ற பெயரில் முக்கியமாக இரண்டு நோய்கள் உண்டு. அவற்றில் ஒன்றான அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், மலக்குடலில் தொடங்கி மேல்நோக்கிப் படர்ந்தாலும் பெருங்குடலின் உட்படலத்தோடு நின்றுவிடும். அந்தப் புண்ணை நேருக்கு நேர் பார்க்கவும், துளி சதையைக் கிள்ளி பயாப்ஸிக்கு அனுப்பவும் கொலனோஸ்கோப்பிக் குழாயால்தான் முடியும். எம்.ஆர்.ஐ.யின் காந்தம் படம் பிடிக்கும், கிள்ளாது. மேலோட்டமான சின்னஞ்சிறு புண்கள் அதற்குத் தப்பியும் விடும். அதற்கும் முன்னால் ஒரு படி இருக்கிறது. நாள்பட்ட வயிற்றுக் கோளாறோடு வருகிறவர்களில் பலருக்கு இருப்பது அழற்சியே இல்லாத ஐ.பி.எஸ். என்ற குடல் கோளாறு. இதைப் பிரித்தறிய, மலத்தில் கால்ப்ரொடெக்டின் என்ற புரதத்தை அளக்கும் எளிய சோதனை உதவும். அது இயல்பாக இருந்து, எடைக்குறைவு, ரத்தப்போக்கு, ரத்தசோகை எதுவும் இல்லையென்றால், குழாயும் வேண்டாம் காந்தமும் வேண்டாம் என்று டாக்டரே சொல்லக்கூடும்.

கேள்வி: கொலனோஸ்கோப்பி அவ்வளவு உசத்தி என்றால், அதைச் செய்து முடித்த பிறகும் எம்.ஆர்.ஐ.க்குச் சீட்டு எழுதுகிறார்களே, கமிஷனா?

பதில்: கமிஷன் எங்குமே கிடையாது என்று சத்தியம் செய்ய நான் வரமாட்டேன். ஆனால் இந்தச் சீட்டுக்கு நியாயமான காரணம் ஒன்று இருக்கிறது. அதுதான் இரண்டாவது நோயான குரோன். 1932இல் நியூயார்க்கின் மவுண்ட் சினாய் மருத்துவமனையைச் சேர்ந்த குரோன், கின்ஸ்பர்க், ஓப்பன்ஹைமர் மூவரும் சிறுகுடலின் கடைக்கோடியைத் தாக்கும் நோயாக இதை விவரித்தார்கள். வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கும் வரலாம், நடுநடுவே நல்ல குடலை விட்டுவிட்டுத் தாவலாம், குடல் சுவரின் முழுத் தடிமனையும் ஊடுருவலாம் என்பதெல்லாம் பின்னால் தெரியவந்தது. கொலனோஸ்கோப்பிக் குழாயோ பெருங்குடலைக் கடந்து, சிறுகுடலின் கடைசிச் சில அங்குலங்களை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடும். அதற்கு மேலே பல மீட்டர் குடல் பார்க்காமலே கிடக்கும். பார்த்த இடத்திலும், அறைக்குள் நிற்பவருக்குச் சுண்ணாம்புப் பூச்சு தெரியுமே தவிர, செங்கல்லுக்குள் ஓடும் விரிசல் தெரியாது. அதைக் காட்டத்தான் எம்.ஆர். என்ட்ரோகிராபி என்ற குடல் எம்.ஆர்.ஐ. முக்கால் மணி நேரத்துக்குள் ஒரு லிட்டருக்கு மேல் மானிட்டால் போன்ற ஒரு கரைசலைக் குடிக்கச் சொல்வார்கள். சுருண்டு கிடக்கும் குடல் விரிந்து கொடுக்கும். அது நெளியாமல் இருக்க ஓர் ஊசி, நரம்பில் கடோலினியம் என்ற மருந்து, பிறகு ‘மூச்சைப் பிடிங்க, விடுங்க’ என்ற கட்டளைகள். பலனாக, 3 மில்லிமீட்டருக்கு மேல் தடித்த சுவர், அதில் தேங்கிய நீர், குறுகிய இடம், பக்கத்துக் குடலுக்குத் திறந்துகொண்ட புழை, சீழ்க்கட்டி எல்லாம் படத்தில் வரும். குரோனால் பவுத்திரம் வந்தவர்களுக்கு இடுப்புப் பகுதி எம்.ஆர்.ஐ. இன்னும் முக்கியம். அதன் கிளை எந்தத் தசையைக் கடந்து ஓடுகிறது என்று தெரியாமல் கத்தி வைத்தால், மலத்தை அடக்கும் சக்திக்கே ஆபத்து.

கேள்வி: சி.டி. ஸ்கேன் நிமிஷத்தில் முடிகிறது, அல்ட்ராசவுண்ட் மலிவாக இருக்கிறது. விலை உயர்ந்ததுதான் நல்லது என்ற நம் வழக்கமான மூடநம்பிக்கையா இது?

பதில்: பாதி சரி. குடல் அடைத்துக்கொண்டோ ஓட்டை விழுந்தோ அவசரப் பிரிவுக்கு வருகிறவருக்கு சி.டி.தான் பொருத்தம், அங்கே நிமிஷங்களுக்கு மதிப்பு உண்டு. ஆனால் குரோன் பெரும்பாலும் இளம் வயதில் தொடங்கி ஆயுள் முழுக்கக் கூடவே வருவது. வயிற்று சி.டி. ஒன்று, இயற்கையில் நாம் ஏறக்குறைய மூன்று ஆண்டுகளில் வாங்கும் கதிர்வீச்சை ஒரே தடவையில் தந்துவிடும். இருபது வயதுக்காரரை அடிக்கடி படம் எடுக்க வேண்டுமென்றால், கதிர்வீச்சே இல்லாத வழியைத் தேடுவதுதான் புத்தி. அல்ட்ராசவுண்டிலும் கதிர்வீச்சு இல்லையே என்பீர்கள். பிரிட்டனில் 8 மருத்துவமனைகளில் 284 பேரிடம் எம்.ஆர்.ஐ.யையும் அதையும் ஒப்பிட்ட மெட்ரிக் ஆய்வின் முடிவு 2018இல் வந்தது. சிறுகுடலில் நோய் உள்ளவர்களில் எம்.ஆர்.ஐ. 97 சதவீதம் பேரையும், அல்ட்ராசவுண்ட் 92 சதவீதம் பேரையும் கண்டுபிடித்தன. நோய் எதுவரை பரவியிருக்கிறது என்பதைச் சரியாகச் சொன்னதில் 80க்கு 70. ஆக, மலிவானது தோற்கவில்லை, கொஞ்சம் பின்தங்கியது. கைதேர்ந்தவர் செய்தால் அவ்வப்போது கண்காணிக்க அல்ட்ராசவுண்டே போதும். நோயின் பரவலை வைத்துப் பெரிய முடிவு எடுக்கும்போது எம்.ஆர்.ஐ.யின் செலவு நியாயமாகிறது.

கேள்வி: ரிப்போர்ட்டில் ‘குரோன்’ என்றே அச்சடித்து வந்துவிட்டால் மாத்திரை தொடங்கிவிடலாம்தானே?

பதில்: அவசரப்படாதீர்கள். நம் நாட்டில் அந்த இடத்துக்குப் போட்டியாக இன்னொருவர் காத்திருக்கிறார்: குடல் காசநோய். அதுவும் சிறுகுடல் பெருங்குடலோடு சேரும் அதே முனையைத்தான் விரும்பும். அதுவும் சுவரைத் தடிக்கவைக்கும், குறுக்கும், புண்ணாக்கும். குரோன் என்று நம்பி எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து கொடுத்தால், உள்ளே இருக்கும் காசநோய் கட்டவிழ்ந்துவிடும். காசநோய் என்று நம்பி மாதக்கணக்கில் மருந்து கொடுத்தால், குரோன் அதற்குள் குடலைக் குறுக்கிவிடும். நடுப்பகுதி அழுகிய நெறிக்கட்டி, வயிற்றில் நீர் என்றால் படம் காசநோய்ப் பக்கம் சாயும். விட்டுவிட்டு நீளமாகப் பாதித்த குடல் என்றால் குரோன் பக்கம். சாய்வது வேறு, தீர்ப்பு வேறு. பயாப்ஸி, காசநோய்க் கிருமிக்கான சோதனைகள், நெஞ்சுப் படம், நோயாளியின் கதை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும் குடல் நிபுணர்தான் நீதிபதி. எம்.ஆர்.ஐ. நல்ல சாட்சி, சாட்சியைத் தீர்ப்பு எழுதச் சொல்லக் கூடாது.

கேள்வி: எம்.ஆர்.ஐ. குகைக்குள் படுக்கப் பயம், ஊசி மருந்து ஆபத்து என்றும் கேள்வி. போகலாமா?

பதில்: உடலுக்குள் பேஸ்மேக்கர் போன்ற கருவி, சிறுநீரகக் கோளாறு, கர்ப்பம் இருந்தால் முதல் வேலையாகச் சொல்லிவிடுங்கள், கடோலினியம் இல்லாமலும் படம் எடுக்க வழி உண்டு. இடுங்கிய இடம் என்றால் பயம் என்பதையும் வெட்கப்படாமல் சொல்லுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, சீட்டு கையில் வந்ததும் டாக்டரிடம் ஒன்றைக் கேளுங்கள்: “இந்தப் படத்தில் என்ன தெரிந்தால் என் சிகிச்சை மாறும்?” அவர் தெளிவாகப் பதில் சொன்னால் தயங்காமல் போய்ப் படுங்கள். “எதற்கும் எடுத்து வைப்போமே” என்றால் இன்னொரு டாக்டரிடமும் கேட்டுவிட்டுப் பணத்தைக் கட்டுங்கள்.