பொன்னாடையும் பாலியெஸ்டரும்

தேசியக் கைத்தறி நாளான ஆகஸ்ட் 7 வந்துவிட்டால் காஞ்சிபுரத்து நெசவாளிக்கு மவுசு கூடிவிடும். மேடையேற்றுவார்கள், மாலை போடுவார்கள், பொன்னாடை போர்த்துவார்கள். பொன்னாடை விசைத்தறியில் ஓடிய பாலியெஸ்டர். காலமெல்லாம் பட்டோடு புழங்கிய விரலுக்குத் தொட்டதுமே தெரிந்துவிடும். போட்டோ எடுக்கிறார்களே என்று சிரித்து வைப்பார்.

அப்புறம் சிறப்பு விருந்தினர் எழுவார். இளைஞர்கள் தறியை விட்டு ஓடுகிறார்களே என்று அவருக்கு மனசே ஆறாது. பாரம்பரியம் என்னாவது, பண்பாடு என்னாவது? கூலி என்னாவது என்பது மட்டும் அவர் வாயில் வராது.

2019-20 அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பு அரசாங்கமே எடுத்ததுதான். நெசவாளர் குடும்பங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குக்கு மாத வருமானம் 5,000 ரூபாயைத் தொடவில்லை. ஆளுக்கு இல்லை ஐயா, குடும்பத்துக்கு! புருஷன் குழித்தறியில் கால் மரத்துப்போக, பெண்டாட்டி தார் சுற்றி முதுகு ஒடிய, எல்லாம் சேர்த்து.

இந்த 5,000 மேல் டெல்லிக்கு ஏதோ பிரியம் போலிருக்கிறது. கைத்தறிக்கென்று சில ரகங்களை ஒதுக்கி 1985இல் ஒரு சட்டம் போட்டார்கள். அந்தப் பட்டியல் 22இல் தொடங்கி 11 ஆகத் தேய்ந்துவிட்டது. மிச்சமிருக்கும் ரகத்தை விசைத்தறியில் ஓட்டிப் பிடிபட்டால் ஆறு மாதம் வரை சிறை, இல்லாவிட்டால் தறிக்கு 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று அந்தச் சட்டத்தில் எழுதினார்கள். ஒழுங்காக நெய்தவன் வீட்டில் ஒரு மாதம் முழுக்க உழைத்தும் எட்டாத தொகை, அவன் பிழைப்பைத் திருடியவனுக்கு ஒரு தறிக்கான அபராதம். சமதர்மம் என்றால் இதுவல்லவா சமதர்மம்!

2020இல் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். 1992 முதல் இருந்த அகில இந்தியக் கைத்தறி வாரியத்தை ஜூலை 27 அன்று கலைத்தார்கள். சரியாகப் பதினோரு நாள் கழித்துக் கைத்தறி நாள். வாழ்த்துச் செய்திகள் தவறாமல் வந்து சேர்ந்தன.

இளைஞர்கள் ஓடும் கதைக்கு வருவோம். காஞ்சிபுரத்துக் கோர்வைச் சேலை தனியாள் வேலையில்லை. உடல் ஒரு நிறம், கரை இன்னொரு நிறம். மூன்று நாடா ஓட வேண்டும். ஒவ்வொரு ஊடைக்கும் உடலையும் கரையையும் பின்னிக் கோக்க வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவை வாங்கி வீச இன்னொரு ஜோடிக் கை கட்டாயம். அந்தக் கைதான் இப்போது விடியுமுன் ஒரகடம் தொழிற்பேட்டைக்குப் போகும் கம்பெனி வேனில் ஏறிக்கொண்டிருக்கிறது. அதுவும் பல பேருக்குக் காண்டிராக்ட் வேலைதான், சொர்க்கமில்லை. ஆனால் 'ஜரிகை விலை ஏறிப்போச்சு, கூலியைப் பொங்கலுக்குப் பார்க்கலாம்' என்று அங்கே யாரும் சொல்வதில்லை.

ஆள் இல்லாமல் கோர்வை குறையட்டும், நமக்கென்ன? கல்யாணத்துக்கு 'அசல் காஞ்சிபுரம்' பாதி விலையில் கிடைக்கிறது என்று மூன்று மாடிக் கடையில் வரிசையில் நிற்கும் நாமும் மேடையில் இருப்பவர்களுக்கு இளைத்தவர்களா?

இப்படியொரு விழாவில், போர்த்திய கையோடு சிறப்பு விருந்தினர் உருகிக் கேட்டார்: "பெரியவரே, இந்தக் கலையை உங்க மகனுக்குக் கத்துக்கொடுக்கலையா?"

"நல்லாவே கத்துக்கிட்டான் சார். இப்ப உங்க காருக்கு கேட் திறந்துவிட்டானே செக்யூரிட்டி, அவன்தான்."

விருந்தினர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஏற்றுமதி வாய்ப்புகளைப் பற்றிப் பேசப் போய்விட்டார்.